கோப்பு நடப்பில் உள்ளது

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி
சுரங்கப்பாதையின் மூத்திர வாடையைக் கடந்தால்
பதினோரு நிமிடத்தில் என் நாற்காலி.
பேரவைச் செயலகம், முதல் மாடி, தூண் மறைக்கும் மேசை.
எழுத்தர் அல்ல நான், உதவிப் பிரிவு அலுவலர்.
யாரும் கேட்டதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஆண்டில், ஒரே சட்டத்தின் கீழ்
இரண்டு கோப்புகள் வந்தன.

முதலாவது, கீழமாந்துறை உறுப்பினர் தணிகைநாதன்.
ஊதாக் கரை வேட்டியில் வென்றவர்
ஒரு வெள்ளிக்கிழமை பச்சைக் கரை வேட்டியில்
ஆளுங்கட்சி மேடையேறிச் சால்வை வாங்கினார்.
ஒன்பது படங்கள், இரண்டு குறுந்தகடுகள்,
மனுவோடு இணைப்பு.
தானாக முன்வந்து கட்சியை விட்டாரா
என்பதுதான் கேள்வி.
நான்கு வரியில் பதில் அனுப்பினார்:
சால்வை அன்பளிப்பு.
வேட்டி, சலவைக் கடையில் மாறிப்போனது.
நான் சிரிக்கவில்லை.
‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தினேன்.

கோப்பு மேலே போனது.
மேலே என்பது ஓர் இடம், அங்கே கடிகாரம் கிடையாது.
பதில் சொல்ல வேண்டியவருக்கு ஏழு நாள் கெடு,
தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்குக் கெடுவே இல்லை.
ஒரு வாய்தாவுக்கு அவருக்கு இடுப்பு வலி.
ஒரு வாய்தாவுக்கு வக்கீல் வீட்டில் காதுகுத்து.
விளக்கம் கேட்டுக் கீழே வரும்,
அவிழ்த்துக் கட்டி மேலே அனுப்புவேன்.
மூன்று நாடா இற்றுப்போனது.

கேன்டீனில் டஃபேதார் கண்ணுச்சாமி சொல்வார்:
“தனியாப் போனா தாவல்,
மூணுல ரெண்டு பங்கு சேர்ந்து போனா இணைப்பு.
ஒருத்தன் ஓடினா ஓடுகாலி,
ஊரே ஓடினா ஊர்வலம்மா.”

தொகுதியிலிருந்து பூ. அங்கப்பன், உரக்கடை,
மாதம் ஓர் அஞ்சலட்டை போடுவார்:
‘நான் ஊதாவுக்குத்தான் குத்தினேன்.
என் ஓட்டு இப்போது எங்கே இருக்கிறது?’
அச்சடித்த பதில் ஒன்று வைத்திருந்தேன்.
பொருள் பரிசீலனையில் உள்ளது.

இரண்டாவது கோப்பு சகாயராணி.
ஆளுங்கட்சி. சேலையில் கரை மாறவில்லை.
அவர் கேட்டது வேறு கரை.
தன் தொகுதி ஏரியை மனையாக வகைமாற்றும் மசோதா.
ஆதரிக்கச் சொல்லிக் கொறடாவின் தாள்
கையொப்பமிட்டு வாங்கியிருக்கிறார், பக்கம் நான்கு.
‘ஏற்போர் ஆம் என்க’ என்றபோது
அவர் வாய் திறக்கவில்லை.
‘மறுப்போர் இல்லை என்க’ என்றபோது திறந்தார்.
எண்ணிக்கை கேட்டார்கள்,
அந்த வரிசையில் ஒற்றையாக எழுந்து நின்றார்.
முன்வரிசை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினைந்து நாளுக்குள் கட்சி பொறுத்துக்கொள்ளலாம்,
சட்டத்தில் இடமிருக்கிறது.
பதினாறாம் நாள் காலை
என் ரயிலுக்கு முன்பே மனு வந்து உட்கார்ந்திருந்தது.
முப்பத்தொன்றாம் நாள் அரசிதழ்.
அந்த ஒரு மாதம்
மேலேயும் கடிகாரம் ஓடியது.

அடையாள அட்டையைத் திருப்பித் தர வந்தார்.
கூட்டத்தொடரில் கொடுத்த பேனாவையும் தரவேண்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
ரசீது கேட்டார். எழுதினேன்.
‘முன்னாள்’ என்ற சொல்லை எதிர்ப்பார் என்று நினைத்தேன்.
தேதி தப்பு என்றார்.
திருத்திக் கொடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் வேளச்சேரியில் என் தெருவில்
முழங்கால் தண்ணீர்.
எந்த ஏரியுடையது என்று
தண்ணீரிடம் நோட்டீஸ் சார்வு செய்ய முடியாது.
சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு
விடுப்பு விண்ணப்பம் எழுதினேன்.

பேரவைக் காலம் முடிந்தது.
தணிகைநாதன் கோப்பு கடைசியாகக் கீழே வந்தது,
ஓரத்தில் ஒரே வரி:
மனு பயனற்றுப் போனதால் முடிக்கப்படுகிறது.
அவர் பச்சைக் கரையில் மறுபடி நிற்கிறாராம்.

அடுத்த வாரமும் அஞ்சலட்டை வந்தது.
அச்சடித்த பதில் தீர்ந்திருந்தது.
என் கையால், என் காசு அஞ்சல்தலையில் எழுதினேன்.

அன்புள்ள அங்கப்பன்,
பதிவறை, மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு,
இடமிருந்து ஒன்பதாவது கட்டு.
கரையான் இன்னும் வரவில்லை.